நகரின் எச்சிலும் சிறு விவசாயியின் சுமையும்

கொச்சி மாநகரின் வடக்கு விளிம்பில் அமைந்துள்ள களமசேரி, கேரளத்தின் தொழில் வரலாற்றில் தனி இடம் பெற்ற ஊர். எச்எம்டி ஆலையும், அண்டையில் ஏலூரில் பாக்ட் உர ஆலையும், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், அரசு மருத்துவக் கல்லூரியும் அங்கே ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. தொழிலாளர்களும் மாணவர்களும் நோயாளிகளும் அவர்களோடு வந்தவர்களுமாகப் பல்லாயிரம் பேர் நாள்தோறும் கேன்டீன்களிலும் விடுதிகளிலும் சாலையோர உணவகங்களிலும் உண்கிறார்கள். இலையிலும் தட்டிலும் மிஞ்சுவது மாலைக்குள் பீப்பாய் பீப்பாயாகச் சேர்கிறது. அதை அகற்றியே ஆக வேண்டும். ஒருநாள் தவறினால் நாற்றம், இரண்டு நாள் தவறினால் நோய்.

கொச்சியிலும் அதைச் சூழ்ந்த நகராட்சிகளிலும் சேரும் இந்த எச்சிலில் ஒரு பகுதி உரமாகிறது. ஒரு பகுதி சாண எரிவாயுக் கலன்களுக்குப் போகிறது. இன்னொரு பகுதியைச் சிறு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் எர்ணாகுளம் மாவட்டத்தின் கிழக்குப் பஞ்சாயத்துகளில் பன்றி வளர்க்கும் குடும்பத்தினர். அவர்களுக்கு அது தீவனம். நகருக்கோ அது தலையிலிருந்து இறங்கிய பாரம். எச்சிலை அள்ளிச் செல்பவருக்கு நகராட்சியின் ஊழியர் பட்டியலில் இடமில்லை. அவருடைய பெயர் அரசுக் கோப்பில் ஏறுவது, பெரும்பாலும், அண்டை வீட்டார் நாற்றம் என்று மனுக் கொடுக்கும்போதுதான். அல்லது நோய் வந்து பன்றிகளைக் கொல்ல ஆணை பிறக்கும்போதுதான்.

பன்றியை நோயின்றியும் வதையின்றியும் சுற்றுப்புறத்தைக் கெடுக்காமலும் வளர்க்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபாடு இருக்க முடியாது. ஆனால் அதற்கு இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், எரிபொருள் வேண்டும், மருந்து வேண்டும், ஆள் வேண்டும். இவற்றுக்கெல்லாம் செலவு உண்டு. அந்தச் செலவை ஏற்பது யார் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, விதிகளை மட்டும் கடுமையாக்கினால் நடப்பது ஒன்றே: சிறு விவசாயி தொழிலைவிட்டு வெளியேறுவார், பெருமூலதனம் உள்ளே வரும். இடதுசாரி இயக்கம் இப்பிரச்சனையை அணுக வேண்டிய இடம் இதுதான்.

பிரம்மபுரம் கற்பித்தது

2023 மார்ச் 2 அன்று கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ ஏறத்தாழ பன்னிரண்டு நாட்கள் அணையாமல் புகைந்தது. கொச்சி மாநகராட்சியின் குப்பை மட்டுமல்ல, களமசேரி உள்ளிட்ட அண்டை நகராட்சிகளின் குப்பையும் ஆண்டுக்கணக்கில் அங்கேதான் குவிக்கப்பட்டிருந்தது. நச்சுப் புகையில் மூச்சுத் திணறியது முழு மாநகரமும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அண்டை நகராட்சிகள் தத்தம் குப்பைக்குத் தாமே வழிதேடும் நிலை வந்தது.

தீயின் காரணத்தைப் பற்றி எவ்வளவோ விவாதம் நடந்தது. மலையாய்க் குவிந்த பிளாஸ்டிக்குடன் ஈரக் கழிவும் கலந்தே கிடந்தது என்பதில் மட்டும் விவாதம் இல்லை. உணவுக் கழிவைத் தோன்றும் இடத்திலேயே பிரித்தெடுத்திருந்தால் அந்த மலை அவ்வளவு உயர்ந்திராது. அப்படியானால், எந்தச் சம்பளமும் இன்றி நாள்தோறும் ஈரக் கழிவை நகரைவிட்டு அகற்றிவந்த பன்றி வளர்ப்போர் செய்துவந்தது பொதுப்பணி. அது பொதுப்பணியாக ஒருபோதும் மதிக்கப்படவில்லை.

பெருந்தொழிலும் பெருநகரமும் வளரும்போது, மண்ணிலிருந்து எடுக்கப்படும் சத்து உணவாக நகருக்குப் போய், மண்ணுக்குத் திரும்பாமல் நகரிலேயே மாசாகத் தங்கிவிடுகிறது என்று ‘மூலதனம்’ நூலில் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான அந்தப் பரிமாற்றம் அறுந்துபோவதைக் களமசேரியின் நெடுஞ்சாலையோரத்தில் இன்று கண்ணால் காணலாம். அறுந்த கண்ணியை ஓரளவு இணைப்பவை பன்றிக் கொட்டில்கள். மிச்சச் சோறு இறைச்சியாகிறது. சாணம் வாழைக்கும் மரவள்ளிக்கும் எருவாகிறது. இந்தச் சுழற்சி நல்லதுதான். ஆனால் பாதுகாப்பின்றி நடக்கும்போது அதே சுழற்சியில் நோயும் ஏறிக்கொள்கிறது.

நோய் வரும் வழி

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 1921இல் கென்யாவிலிருந்து முதன்முதலாகப் பதிவானது. மனிதருக்கு அது தொற்றாது. பன்றிக்கு வந்தால் பிழைப்பது அரிது. 2007இல் அது ஜார்ஜியா நாட்டின் போத்தி துறைமுகம் வழியாக ஐரோப்பாவின் விளிம்பை எட்டியது. கப்பலிலிருந்து இறக்கப்பட்ட உணவுக் கழிவைப் பன்றிகள் தின்றதே அதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. துறைமுகமும் வானூர்தி நிலையமும் உள்ள கொச்சிப் பகுதிக்கு இதில் எச்சரிக்கை உண்டு. 2018இல் சீனத்துக்குள் நுழைந்த அந்நோய் அடுத்த ஓராண்டுக்குள் அந்நாட்டின் பன்றிகளில் ஐந்தில் இரு பங்கு அளவுக்குக் குறைத்துவிட்டது. 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தலைகாட்டியது. 2022 ஜூலையில் கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் மானந்தவாடி நகராட்சியிலும் தவிஞ்ஞால் பஞ்சாயத்திலும் இருந்த பண்ணைகளில் உறுதிசெய்யப்பட்டது. பின்னர் எர்ணாகுளம் உள்ளிட்ட பிற மாவட்டங்களுக்கும் பரவியது. 2023 ஜனவரியில் நீலகிரியின் முதுமலைக் காட்டில் காட்டுப்பன்றிகள் மாண்டதற்கும் இந்நோயே காரணமென உறுதியானது.

நோய் உறுதியானால் நடைமுறை இதுதான்: பாதிக்கப்பட்ட பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் நோய்ப் பகுதி, அதற்குள் உள்ள பன்றிகள் அனைத்தும், நோயுற்றவை நோயற்றவை என்ற வேறுபாடின்றி, கொல்லப்பட்டுப் புதைக்கப்படும். பத்துக் கிலோமீட்டர் வட்டம் கண்காணிப்புப் பகுதி; அங்கிருந்து பன்றியோ இறைச்சியோ வெளியே போகக் கூடாது. அறிவியல் நோக்கில் இது தவிர்க்க முடியாத நடவடிக்கை. ஆனால் அந்த வட்டத்துக்குள் நான்கு தாய்ப்பன்றிகளை மட்டுமே நம்பி வாழும் குடும்பம் ஒன்று இருக்கும். அதனிடம் ஒரே நாளில் எல்லாம் பறிபோகிறது.

ஒன்றிய அரசு 2020இல் வகுத்த இழப்பீட்டு அளவுப்படி 15 கிலோ வரையுள்ள குட்டிக்கு 2,200 ரூபாய். 15 முதல் 40 கிலோ வரை 5,800. 40 முதல் 70 வரை 8,400. 70 முதல் 100 வரை 12,000. அதற்கு மேல் 15,000 ரூபாய். இத்தொகையை ஒன்றிய அரசும் மாநில அரசும் பாதிப்பாதியாக ஏற்க வேண்டும். வயநாட்டில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு 2022இல் சில வாரங்களிலேயே இழப்பீடு வழங்கத் தொடங்கியது பாராட்டத்தக்கது.

ஆயினும் இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. அரசு கொன்ற பன்றிக்கு மட்டுமே இழப்பீடு. ஆணைக்கு முன்பே நோயில் செத்த பன்றிக்கு இல்லை. எடை பார்த்துத் தரும் தொகை, தாய்ப்பன்றியின் ஈனும் ஆற்றலைக் கணக்கில் எடுப்பதில்லை. பால்மறந்த பெண்குட்டியை வாங்கி வளர்த்து, சினையாக்கி, 114 நாட்கள் காத்திருந்து, ஈன்ற குட்டிகளை ஏழெட்டு மாதம் தீவனமிட்டு விற்பனைக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். அந்த ஒன்றரை ஆண்டில் கடனுக்கு வட்டி நிற்காது. பள்ளிக் கட்டணம் நிற்காது.

விளைவு என்ன? கொட்டிலில் ஒரு பன்றி தீவனத்தை மறுத்துக் காய்ச்சலில் கிடந்தால், கால்நடை மருத்துவருக்குச் சொல்வதா, கிடைத்த விலைக்கு அன்றே தள்ளிவிடுவதா என்ற தடுமாற்றம் விவசாயிக்கு வருகிறது. சொன்னால் அனைத்தையும் இழப்பார். விற்றால் பாதியையாவது மீட்பார். இரண்டாவது வழியில்தான் நோய் அடுத்த பஞ்சாயத்துக்குப் போகிறது. இதை விவசாயியின் ஒழுக்கக் குறைவு என்று சாடுவது எளிது. உண்மையில் இழப்பை ஒருவர் தலையில் மட்டும் இறக்கிவைக்கும் ஏற்பாடே நோயைப் பரப்புகிறது. முழுமையான, உடனடியான இழப்பீடு என்பது சலுகையன்று. அதுவே மிகச் சிறந்த நோய்த்தடுப்பு.

ஒரு மணி நேரக் கொதியும் அதன் விறகும்

எச்சில் உணவைப் பன்றிக்கு இடவே கூடாது என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். 2001இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவி அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. பதப்படுத்தாத எச்சிலை இட்ட ஒரு பன்றிப் பண்ணையிலிருந்து அது தொடங்கியதாகக் கண்டறியப்பட்டது. அந்நாடு எச்சில் தீவனத்தை முற்றாகத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியமும் பின்பற்றியது. ஜப்பானும் தென்கொரியாவும் வேறு வழியைத் தேர்ந்தன. உணவுக் கழிவை உரிமம் பெற்ற நிலையங்களில் சேர்த்து, சூடேற்றிக் கிருமி நீக்கித் தீவனமாக்கும் முறையை அவை சட்டத்தின் மூலம் வளர்த்தன. தீவனத் தானியத்தை அங்கிருந்தும் இங்கிருந்தும் வாங்க வேண்டிய கேரளத்துக்குப் பொருந்துவது இரண்டாவது வழியே.

உலகக் கால்நடை நல அமைப்பின் விதிமுறைப்படி, எச்சில் தீவனத்தை 90 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில் குறைந்தது 60 நிமிடங்கள் கிளறிக்கொண்டே வைத்திருந்தால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமி அழியும். அறிவுரைத் துண்டறிக்கையில் இது ஒரே வரி. முப்பது பன்றி வளர்க்கும் வீட்டில் இதன் பொருள் வேறு. நாள்தோறும் பீப்பாய்க் கணக்கில் வரும் எச்சிலிலிருந்து பிளாஸ்டிக் உறையையும் எலும்பையும் கையால் பொறுக்க வேண்டும். பெரிய அண்டாவில் ஏற்றி ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஆறும் வரை காத்திருக்க வேண்டும். விறகோ எரிவாயுவோ அவர் கைக்காசு. பொறுக்குவதும் கிளறுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கூலியில்லா உழைப்பு. உணவக முதலாளி தன் கழிவைப் பிரித்துக் கொடுக்கக்கூட மெனக்கெடாதபோது, நகரத்தின் நலனுக்கான கொதிகலனை அந்தக் குடும்பம் தன் செலவில் எரிக்க வேண்டும் என எதிர்பார்ப்பது எவ்வகை நியாயம்?

நகராட்சி அளவில் ஒரு பொதுக் கொதிகலன் நிலையம் இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். உணவகங்களும் கேன்டீன்களும் பிரித்த கழிவை அளவுக்கேற்ற கட்டணத்துடன் அங்கே ஒப்படைக்க வேண்டும். நிலையத்தில் அது சோதிக்கப்பட்டு, கொதிக்கவைக்கப்பட்டு, சுத்தமான கலன்களில் பண்ணைகளுக்குப் போக வேண்டும். அழுக்குப் பீப்பாய் பண்ணைக்குள் நுழையாது. பண்ணைக்குப் பண்ணை போகும் வண்டியின் சக்கரத்தில் கிருமி பயணிக்காது. பன்றிச் சாணத்திலிருந்து கிடைக்கும் எரிவாயுவைக் கொண்டே கொதிகலனின் எரிபொருளில் ஒரு பகுதியை ஈடுசெய்யலாம். பிளாஸ்டிக் முதலான மக்காத கழிவை வீடுவீடாகச் சேகரிக்கும் ஹரித கர்ம சேனாவின் பெண்கள் கேரளத்தில் ஏற்கெனவே ஒரு பொது அமைப்பாகத் திரண்டிருக்கிறார்கள். மக்கும் உணவுக் கழிவுக்கும் அத்தகைய ஏற்பாட்டை முறையான ஊதியத்துடன் உருவாக்க முடியாது என்பதற்குக் காரணமே இல்லை.

இரும்புக் கூண்டின் பொருளாதாரம்

பன்றி அழுக்கை விரும்பும் பிராணி என்பது பரவலான தப்பெண்ணம். அதற்கு வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் மிகக் குறைவு. வெயிலில் தண்ணீர் கிடைக்காவிட்டால்தான் சேற்றில் புரள்கிறது. போதிய இடம் கொடுத்தால் படுக்கும் மூலை வேறு, சாணமிடும் மூலை வேறு என்று தானாகவே பிரித்துக்கொள்கிறது. ஈனுவதற்கு முந்தைய நாள் தாய்ப்பன்றி வைக்கோலையும் இலையையும் வாயால் கவ்விவந்து குட்டிகளுக்குப் படுக்கை அமைக்க முயல்கிறது. இதற்கெல்லாம் சிறிதளவு இடமும் நிழலும் நீரும் வைக்கோலும் போதும். நாலுபக்கமும் திறந்த ஓடு வேய்ந்த கொட்டில், ஓரத்தில் ஆழமற்ற நீர்த்தொட்டி, தரையில் உமியோ மரத்தூளோ பரப்பிய தடித்த படுக்கை ஆகியவை கேரளத்தின் வெப்பத்துக்கும் மழைக்கும் ஏற்றவை. காலடியின் அரிசி ஆலைகளில் உமியும், பெரும்பாவூர் மரப்பட்டறைகளில் பசை கலவாத மரத்தூளும் அருகிலேயே கிடைக்கின்றன. அப்படுக்கை சாணத்தோடு மக்கி எருவாகும், நாற்றமும் குறையும், கொட்டிலைக் கழுவ வேண்டிய நீரும் குறையும்.

பெருமுதலாளியப் பண்ணையோ இதற்கு நேர்மாறானது. சினைப்பன்றியை ஏறத்தாழ இரண்டு அடி அகலமும் ஏழு அடி நீளமும் உள்ள இரும்புக் கூண்டில் நிறுத்துகிறது. அது திரும்பக்கூட முடியாது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவே, அசைவதற்குப் போதிய இடமற்ற கூண்டில் விலங்கை அடைப்பதைக் குற்றம் என்கிறது. ஸ்வீடனும் பிரிட்டனும் இத்தகைய கூண்டுகளை முன்பே ஒழித்தன; ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் கட்டுப்படுத்தியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மக்கள் 2018இல் வாக்களித்து அவற்றுக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பன்றி வளர்ப்புத் தொழில் கூட்டமைப்பு உச்சநீதிமன்றம் வரை சென்று எதிர்த்தது. 2023 மே மாதம் தோற்றது.

கூண்டு என்பது தனிமனிதக் கொடூரத்தின் விளைவன்று. ஒரு சதுர அடியில் அதிகப் பன்றி, ஓர் ஆளின் கூலியில் அதிகப் பன்றி என்ற லாபக் கணக்கின் விளைவு. அமெரிக்காவில் 1980இல் ஆறு லட்சத்துக்கும் மேல் இருந்த பன்றிப் பண்ணைகள் 2022இல் ஏறத்தாழ அறுபதாயிரமாகச் சுருங்கின; பன்றிகளின் தொகை குறையவில்லை. ஒன்பது பண்ணைக் குடும்பங்கள் வெளியேறினால்தான் பத்தாவது பண்ணை பெருக்கும் என்பதே இதன் பொருள். வட கரோலினாவில் திறந்த குட்டைகளில் தேக்கிய பன்றிக் கழிவு 2018இல் புளோரன்ஸ் சூறாவளியின்போது வழிந்தோடி ஊரைச் சூழ்ந்தது. சீனத்தில் நோய்க்குப் பிறகு ஏராளமான சிறு வளர்ப்போர் தொழிலுக்குத் திரும்பவில்லை. ஹூபெய் மாகாணத்தின் அசோ நகரில் 26 மாடிப் பன்றிப் பண்ணை 2022இல் எழுந்தது.

இந்தியாவுக்கு இது தொலைவில் உள்ள கதையன்று. அமெரிக்கப் பன்றி இறைச்சி இறக்குமதிக்கு இந்தியச் சந்தையைத் திறக்க மோடி அரசு ஒப்புக்கொண்டதாக 2022 ஜனவரியில் அமெரிக்க அரசு அறிவித்தது. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டின் பன்றித் தொகை 90.6 லட்சம், 2012ஐவிட 12 சதவீதம் குறைவு. அவற்றை வளர்ப்போரில் மிகப் பெரும்பாலோர் பழங்குடியினரும் தலித்துகளும் சிறு விவசாயிகளும். நோயாலும் கடனாலும் சோர்ந்து நிற்கும் அவர்களிடமிருந்து சந்தையைப் பறிக்கப் பெருமூலதனம் காத்திருக்கிறது. தமிழகத்தின் பல்லடம், நாமக்கல் வட்டாரங்களில் கறிக்கோழி வளர்ப்பு எப்படி ஒப்பந்தப் பண்ணையமாகி, கொட்டகையும் கடனும் விவசாயிக்கு, குஞ்சும் தீவனமும் விலையும் நிறுவனத்துக்கு என்று ஆனதோ, அதே வழி பன்றிக்கும் திறந்திருக்கிறது.

கெய்ரோவின் பாடம்

நோயச்சத்தைக் காட்டிச் சிறு வளர்ப்போரை ஒழித்தால் என்ன நடக்கும் என்பதற்கு எகிப்து சான்று. கெய்ரோ நகரின் குப்பையைத் தலைமுறை தலைமுறையாக வீடுவீடாகச் சேகரித்து, உணவுக் கழிவைத் தம் பன்றிகளுக்கு இட்டுவந்த ஏழைக் கிறித்தவர்கள் ‘ஸப்பாலீன்’ எனப்பட்டார்கள். 2009இல் பன்றிக் காய்ச்சல் என்ற பெயரில் மனிதரிடையே பரவிய எச்1என்1 தொற்றைக் காரணம் காட்டி அந்நாட்டு அரசு ஏறத்தாழ மூன்று லட்சம் பன்றிகளைக் கொன்றது. பன்றிகளால் அத்தொற்று பரவவில்லை என்று உலக அமைப்புகள் சொன்னது காதில் விழவில்லை. பன்றிகள் போன பிறகு உணவுக் கழிவை அள்ளுவதற்கு அவர்களுக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. கெய்ரோவின் தெருக்களில் குப்பை அழுகியது. ஏழைகள் வறியவர்களானார்கள், நகரும் தூய்மையாகவில்லை.

நமது ஊர்களிலும் இந்த மனப்போக்குக்குக் குறைவில்லை. பன்றியின் மீதான அருவருப்பு பல நேரங்களில் பன்றி வளர்ப்போரின் சாதி மீதான அருவருப்பே. தமிழக நகரங்களில் பன்றிகளைப் பிடித்துச் செல்லும் நகராட்சிகள், அவற்றை வளர்த்துவந்த குடும்பங்களுக்கு மாற்று இடமோ கொட்டிலோ தருவதைப் பற்றிப் பேசுவது அரிது. 19ஆம் நூற்றாண்டின் மான்செஸ்டரில் தொழிலாளர் குடியிருப்பு முற்றங்களில் பன்றிக் கொட்டில்கள் இருந்ததை எங்கெல்ஸ் பதிவுசெய்தார். அசுத்தத்தை அவர் மறைக்கவில்லை. ஆனால் மனிதரையும் விலங்கையும் ஒரே முற்றத்தில் நெருக்கித் தள்ளிய வீட்டுடைமையையும் முதலாளியத்தையும் நோக்கியே விரலை நீட்டினார். இன்றும் பார்வை அதுவாகவே இருக்க வேண்டும்.

பொது ஏற்பாடே வழி

கேரளத்தின் நிலச்சீர்திருத்தம் குடிகிடப்புக்காரர்களுக்குப் பஞ்சாயத்துகளில் 10 சென்ட் வரையிலும் நகரங்களில் 3 முதல் 5 சென்ட் வரையிலும் மனையுரிமை தந்தது. அந்த மனையில் வாழையும் மிளகுக் கொடியும் கோழியும் பன்றியும் சேர்ந்ததே அங்குள்ள குடும்பப் பண்ணையம். அது பெரிய நிலம் கோரும் தொழிலாக இருந்திருந்தால் ஏழைக்கு எட்டியிராது. அதே சிறிய மனையில்தான் இன்று நெருக்கமும் நாற்றப் புகாரும் எழுகின்றன. பஞ்சாயத்துகளில் ஐந்து பன்றிகளுக்கு மேல் வளர்த்தால் உரிமம் வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் விதிகள் கூறின. கழிவுக்குழி, எரிவாயுக் கலன், இடைவெளி ஆகியவை அவசியமே. ஆனால் அவற்றை அமைக்கக் கடனும் மானியமும் இல்லாமல் உரிமத்தை மட்டும் கேட்பது வெளியேறச் சொல்வதற்குச் சமம்.

தேவையான அடித்தளத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே மக்களின் உடைமையாக இருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டத்தின் கூத்தாட்டுக்குளம் அருகே கேரள அரசின் இறைச்சி உற்பத்தி நிறுவனமான ‘மீட் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா’ இயங்குகிறது. மண்ணுத்தியில் கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பன்றி ஆராய்ச்சி மையமும், தமிழகத்தின் காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் நல்ல குட்டிகளையும் பயிற்சியையும் தர வல்லவை. களமசேரிக்கு வடக்கே அங்கமாலியின் பெயரால் அறியப்பட்ட நாட்டுப் பன்றி வகை அருகிவருகிறது. அதைக் காப்பதும் இவற்றின் பணியே. கூட்டுறவுச் சங்கங்களின் வலைப்பின்னலில் கேரளத்துக்கு நிகர் குறைவு. கூட்டுறவு என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: கணக்கு திறந்திருக்க வேண்டும், உறுப்பினர் கூட்டம் உயிர்ப்போடு இருக்க வேண்டும், விரிவாக்கத்தின் வேகம் சந்தையின் அளவை மீறக் கூடாது.

இவற்றின் அடிப்படையில் சில கோரிக்கைகளை முன்வைத்துப் போராட வேண்டியுள்ளது. ஒவ்வொரு நகராட்சிக் கூட்டத்துக்கும் ஒரு பொதுத் தீவனக் கொதிகலன் நிலையம். அதன் செலவு கழிவை உண்டாக்கும் பெரிய உணவகங்களிடமிருந்தும் நிறுவனங்களிடமிருந்தும். நோயில் செத்த பன்றிக்கும் சேர்த்து, தாய்ப்பன்றியின் முழு மதிப்புடன், நாள் குறித்த இழப்பீடு; மறுவளர்ப்பு தொடங்கும் வரை கடன் வசூல் நிறுத்தம்; ஒன்றிய அரசின் பங்கு தாமதமின்றி. சிறு வளர்ப்போர் கொட்டிலை விரிக்கவும் நீர்த்தொட்டியும் படுக்கையும் அமைக்கவும் நேரடி மானியம். இரும்புக் கூண்டுகளுக்கு முழுத் தடை; குட்டிகளுக்கு விதையடிக்கும்போது வலிநீக்கி மருந்து கால்நடை மருத்துவமனை மூலம் இலவசமாக. வதையின்றி மயக்கிக் கொல்லும் வசதியுள்ள பொது இறைச்சிக் கூடங்கள். பொதுத்துறை நிறுவனத்தின் உத்தரவாத விலைக் கொள்முதல். இறக்குமதிக்குக் கதவடைப்பு.

நோய் எதிர்ப்பு மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். நெருக்கிய கொட்டிலில் நோயை அடக்க அவற்றைத் தீவனத்தில் கலப்பது எளிய குறுக்குவழி. அதன் விலையை நாளை மருத்துவமனைப் படுக்கையில் மனிதர் கொடுப்பார்கள். கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டின் மருந்தை 2019இல் ஒன்றிய அரசு தடைசெய்தது; கேரளம் 2018லேயே மாநில அளவில் செயல்திட்டம் வகுத்தது. இடமும் சுத்தமும் கிடைத்த பன்றிக்கு மருந்துத் தேவை தானாகவே குறையும். விலங்கின் நலனும் மனிதரின் நலனும் இங்கே ஒன்றாகின்றன.

தமிழ்த் தோழர்களின் பங்கு

கொச்சியின் வாத்துருத்தி முதல் பெரும்பாவூர் வரை, தூய்மைப் பணியிலும் சுமைப் பணியிலும் தமிழ்த் தொழிலாளர்கள் அன்றும் இன்றும் உள்ளார்கள். அசாமிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்கள் இப்போது அவர்களோடு தோள்சேர்ந்து உழைக்கிறார்கள். எச்சில் பீப்பாயைத் தூக்குபவருக்குக் கையுறையும் காலணியும் கிடைக்கிறதா, கொட்டிலில் வேலை செய்பவர் கொட்டிலை ஒட்டிய அறையிலேயே உறங்க வேண்டியிருக்கிறதா, குறைந்தபட்ச ஊதியம் அவர் கைக்கு வருகிறதா என்ற கேள்விகள் இல்லாமல் வதையற்ற வளர்ப்பு என்ற பேச்சு முழுமை பெறாது. பன்றிக்குப் படுக்கை அமைத்துவிட்டு, அதை வளர்ப்பவரைத் தகரக் கூரையின் கீழ் விட்டுவைப்பது எந்த அளவுகோலாலும் மனிதநேயம் ஆகாது.

களமசேரியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள கிளைகள் முதலில் செய்ய வேண்டியது ஒரு கணக்கெடுப்பு. எந்தக் கேன்டீனின் கழிவு எங்கே போகிறது, யார் எடுக்கிறார்கள், என்ன கிடைக்கிறது, எங்கே கொதிக்கவைக்கப்படுகிறது என்பதைத் தொழிற்சங்கத் தோழர்களால் ஒரு மாதத்தில் திரட்ட முடியும். ஆலைக் கேன்டீன்களில் கழிவைப் பிரித்துக் கொடுக்க நிர்வாகத்தை நிர்ப்பந்திப்பது தொழிற்சங்கத்தின் கையில் இருக்கிறது. விவசாயிகள் சங்கம் பன்றி வளர்ப்போரைத் தனித்தனிக் குற்றவாளிகளாக அன்றி, ஓர் அமைப்பாகத் திரட்ட வேண்டும். நாற்றம் குறித்துப் புகார் சொல்லும் அண்டை வீட்டாரும் பெரும்பாலும் உழைக்கும் மக்களே. அவர்கள் புகாரில் நியாயம் உண்டு. இரு தரப்பையும் மோதவிட்டுப் பண்ணையை மூட வைப்பதைவிட, இருவரும் சேர்ந்து நகராட்சியிடம் பொது வசதியைக் கேட்க வைப்பதே கட்சியின் வேலை. தமிழகத்திலும் இது பொருந்தும். நகரின் எச்சில் அங்கும் உண்டு. அதைச் சுமப்போரும் அங்கு உண்டு.

பன்றியைக் கூண்டில் அடைக்காமல், நோயைப் பரப்பாமல், ஆற்றைக் கெடுக்காமல் வளர்ப்பது இயலும். அதற்கான அறிவு நம்மிடம் இருக்கிறது. குறைவது, அதன் செலவைச் சமூகம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற முடிவே. நகரம் உண்டு எழுந்த இலையை எடுப்பவர் அதற்கான கூலியையும் பாதுகாப்பையும் கோர உரிமையுள்ளவர். அந்த உரிமைக்காகக் களமசேரியில் தொடங்கும் ஒரு சிறு இயக்கம், நாடெங்கும் உள்ள சிறு வளர்ப்போருக்கு வழிகாட்டக்கூடும்.